நின்றுகொண்டிருந்த மணல்

கோமதிநாயகம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் படப்பலகையின் முன் குனிந்து ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். தி.நகரில் அவருடைய அண்ணன் நடத்தும் ஜவுளிக்கடையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்திருந்தார். மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு வாசலிலேயே நின்று, "சின்னண்ணாச்சி தவறிட்டாவ சார். காலைல நெஞ்சு வலிக்குன்னு சொன்னாவ. டாக்டர் வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. பெரியண்ணாச்சி உங்களுக்குத் துட்டி சொல்லிட்டு வரச் சொன்னாவ" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, இழுத்துக்கொண்டிருந்த கோட்டை முடித்தேன். பாதியில் பேனாவைத் தூக்கினால் மை திரண்டுவிடும். இருபது வருஷப் பழக்கம். கோடு முடிந்த பிறகுதான் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் எங்கள் மண் பரிசோதனை ஆபீசில் பதினோரு வருஷம் மண்ணியல்காரராக இருந்தார். நான் அங்கே படம் வரைபவன். பத்திரிகையில் அவரைப் பற்றி ஒரு வரி வராது என்று எனக்குத் தெரியும். போர் போடுவது, அஸ்திவாரம் பார்ப்பது, கட்டடம் எழுப்புவது என்று இந்த ஊரில் பிழைக்கிற நமக்குள்ளேதான் அவரைத் தெரியும். அதனால் நமக்குள்ளேயே இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் ஒருநாள் சாயங்காலம் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். குற்றம் சொல்லவில்லை. சிரிக்கும்படி ஆக்கியவன் நான். அதை அவர் இருக்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது சொல்கிறேன்.

அவர் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. பனகல் பார்க்குக்குப் பின்னால் கடை, கடைக்கு மேலே வீடு. அண்ணன் தம்பி மூவரில் இவர் கடைசி. மூத்தவர் இரண்டு பேரும் கடையில் உட்கார, இவர் மட்டும் கல்லும் மண்ணும் படிக்கப் போனார். "நாங்க ரெண்டு பேரும் துணி அளக்கோம். இவன் குழி அளக்கான்" என்று அவருடைய பெரிய அண்ணன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதில் கொஞ்சம் கேலி, கொஞ்சம் பெருமை, நிறைய வருத்தம்.

புது மண் எது வந்தாலும் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லுக்கிடையில் வைத்துக் கடிப்பார். நறநறவென்றால் மணல் கலந்தது, வழுக்கினால் களிமண். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர், சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து இதையே செய்தார். அடுக்களையிலிருந்து என் மனைவி மெதுவாகத்தான் கேட்டாள்: "ஏன்னா, உங்க சிநேகிதர் மண்ணைத் திங்கறாரே, அவா ஆத்துல சாப்பாடு போட மாட்டாளா?" அவர் காதில் விழுந்துவிட்டது. "சோத்துல கல்லு கெடக்கான்னு பாக்கதும் இதே பல்லுதான் தங்கச்சி" என்று கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார். அன்று முதல் அவள் அவருக்குத் தங்கச்சி. என்னை மட்டும் கடைசிவரை "வே" தான்.

அறுபத்தேழு டிசம்பரில் மேற்கே கொய்னாவில் பூமி அதிர்ந்தது. பேப்பரில் படங்களைப் பார்த்துவிட்டு ஆபீசில் எல்லோரும், நல்லவேளை, மெட்ராசுக்கு அந்தப் பயம் கிடையாது என்று பேசிக்கொண்டோம். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பயம் இல்லன்னு யாருவே சொன்னா? எழுதி வச்ச ஆளு இல்லன்னு வேணும்னா சொல்லும். மனுசன் எழுத ஆரம்பிச்சதே நேத்துத்தான். அதுக்கு முந்தி இந்த மண்ணு ஆடாம இருந்துச்சுன்னு நீரு பாத்தீரா?" நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அவர் மட்டும் அதன் பிறகு எந்தக் குழியைத் திறந்தாலும் எதையோ தேடிக்கொண்டே இருந்தார். என்ன தேடுகிறார் என்று ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அடையாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே, சதுப்பாகக் கிடந்த ஓர் இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு ஒன்று கட்ட இருந்தார்கள். ஐந்து இடத்தில் போர் போட்டுப் பார்க்கும் வேலை எங்களுக்கு வந்தது. மேலே மஞ்சள் மணல், அதன் கீழே நாலடிக்குக் கறுப்பு மண், அதற்கும் கீழே சாம்பல் மணல். இந்தக் கறுப்பு மண் என்பது புல்லும் வேரும் பல நூறு வருஷம் தண்ணீருக்கடியில் மக்கி இறுகியது. ஆபீசில் பீட் என்போம். எங்கள் போர் மேஸ்திரி ஏழுமலை கருஞ்சேறு என்பார். நாலு குழியில் இந்த வரிசை சரியாக வந்தது. மூன்றாவது குழியில் மட்டும் கறுப்பு மண் வர வேண்டிய ஆழத்தில் மணலும் கறுப்பும் கலந்து வந்தன.

ஏழுமலை சிந்தாதிரிப்பேட்டைக்காரர், கூவம் ஓரத்தில் வீடு. சேற்று மாதிரியில் மணல் ஒட்டியிருந்தால் அது மேஸ்திரிக்குத்தான் அவமானம். குழாயைச் சரியாக இறக்கவில்லை, மேல் மணல் உள்ளே சரிந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே யாரும் பார்ப்பதற்கு முன் கரண்டியால் மணலை வழித்துப் போட்டுவிட்டுச் சுத்தமான மாதிரியைப் பெட்டியில் வைப்பது இந்தத் தொழிலில் எல்லா மேஸ்திரிகளுக்கும் உள்ள பழக்கம். அன்றும் வழிக்கப் போனார். கோமதிநாயகம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு வழிக்கீரு மேஸ்திரி?"

"மேல கீற மணலு சார், உள்ள வியுந்துட்ச்சு. பாக்க அசிங்கமா கீது."

"மேல உள்ளது மஞ்சள்லா. இது சாம்பல். இது கீழ இருந்து வந்திருக்கு."

"கீய இருந்தா? இன்னா சார் நீ, மணலு ஏணி வச்சுக்கினு ஏறுமா?"

 அதைக் கேட்டதும் கோமதிநாயகத்தின் முகம் எப்படி மாறியது என்பதை ஏழுமலை பல வருஷம் கழித்தும் எனக்குச் சொல்லிக் காட்டுவார்.

அந்த இடத்தில் ஒரு பள்ளம் வெட்டச் சொன்னார். எங்கள் முதலாளிக்கு இஷ்டமில்லை. இருந்தாலும் மூன்று நாள் கொடுத்தார். எட்டடிப் பள்ளம், இரண்டு பக்கமும் பலகை முட்டு, வாளியால் ஓயாமல் தண்ணீர் இறைக்க வேண்டும். கிழக்குச் சுவரை மட்டும் பலகை இல்லாமல் கரண்டியால் சீவி வழவழப்பாக்கினார்கள். அங்கே அது இருந்தது. கறுப்பு மண்ணை நட்டுக்குத்தலாகப் பிளந்துகொண்டு மூன்று மணல் கோடுகள். கீழே உள்ள சாம்பல் மணலிலிருந்து கிளம்பி, மேலே போகப்போக ஒடுங்கி ஏறின. நடுவில் இருந்தது அடியில் ஓர் உள்ளங்கை அகலம். அது மட்டும் மேலே எட்டி, ஒரு விரல் தடிமனுக்குப் படுக்கையாகப் பரவியிருந்தது. பரவிய மணலுக்கு மேலே மறுபடியும் ஒன்றரை அடி கறுப்பு மண். ஏழுமலை பள்ளத்தின் விளிம்பில் குந்திப் பார்த்துவிட்டு, "ஆமா சார், படுத்துக்கினு இல்ல. நின்னுக்கினு கீது" என்றார்.

அதன் பொருளை எனக்கு அவர் விளக்கியது எலியட்ஸ் கடற்கரையில். பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஈர மணலில் நின்று ஒரே இடத்தில் காலால் தொம்தொம் என்று மிதித்தார். கெட்டியாக இருந்த மணல் கஞ்சி போல் இளகி, தண்ணீர் மேலே வந்து, கால் உள்ளே போனது. "இவ்வளவுதான்வே. தண்ணி ஊறுன மணலப் பூமி இப்படி ஆட்டுச்சுன்னா அது மணலா இருக்காது, தண்ணியாயிரும். மேல கறுப்பு மண்ணு மூடி போட்ட மாதிரி அமுக்குது. மூடி எங்க கீறுதோ அந்த வழியா பீச்சிக்கிட்டு வெளிய வரும். ஆட்டம் நின்னதும் மணலு அங்கனயே நின்னு போகும்." பீகார் பூகம்பத்தில் வயல்களில் மணலும் நீரும் ஊற்றாகக் கிளம்பியதைப் படித்திருந்தாராம். வெளியே வந்து பரவிய மணலின் மேல் பிற்பாடு புல் முளைத்து மக்கி மறுபடியும் கறுப்பு மண் ஏறியிருக்கிறது. ஆகவே பரவிய மணலுக்குக் கீழே கிடக்கும் வேர் பூகம்பத்துக்கு முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. இரண்டு வேருக்கும் வயது பார்த்துவிட்டால், யாரும் எழுதி வைக்காத ஒரு பூகம்பம் எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். சுற்றிலும் கடலை விற்றுக்கொண்டும் பிள்ளைகளை நனையாதே என்று அதட்டிக்கொண்டும் இருந்தார்கள். நாற்பது வயது மனிதர் மணலில் குதிப்பதைச் சிலர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வேர்த் துண்டுகளைக் கண்ணாடி பாட்டில்களில் எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் எந்த பாட்டில் மணலுக்கு மேலே, எது கீழே, எவ்வளவு தூரத்தில் என்று காட்டும் படம் இல்லாவிட்டால் அந்த பாட்டில்களுக்கு மதிப்பில்லை. போட்டோ எடுக்க ஒரு காமிரா கடன் வாங்கினார். குறுகின பள்ளம், வெளிச்சம் போதாமல் பிரிண்டெல்லாம் கரியாக வந்தது. பாக்கி இருந்தது நான் ஒருவன். இரண்டாவது நாள் பள்ளத்தில் இறங்கினேன். முழங்கால் தண்ணீரில் நின்று அவர் டேப்பைப் பிடித்து அளவு சொல்லச் சொல்ல, பென்சிலில் போட்டேன். அந்தத் தாள் நனைந்து கிழியுமுன் ஆபீசுக்கு ஓடி, ட்ரேசிங் துணியில் மை ஏற்றினேன். "அந்த மூணு கோடும் தனியாத் தெரியணும்வே" என்றார். இரண்டு தடவை மை கொடுத்து அழுத்தி வரைந்தேன். என் கையிலிருந்து வந்த படங்களில் அதுதான் சிறந்தது. மூன்றாம் நாள் பள்ளத்தை மூடிவிட்டார்கள்.

கட்டடக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய படம் வேறு. அந்தத் தாளில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு பட்டை உண்டு. மண்ணை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கையாகத்தான் காட்ட முடியும். நிற்கிற மண்ணுக்கு அதில் இடமே கிடையாது. முதலாளியிடம் கேட்டேன். "கட்டடம் கட்டறவனுக்கு எதுக்குய்யா பூகம்பக் கதை? மணல்னு ஒரு அடுக்கா போட்டுடு" என்றார். போட்டேன். மூன்றாம் குழியில் கறுப்பு மண்ணுக்குள் படுக்கையாக ஒரு மணல் அடுக்கு. பார்க்க மிகவும் ஒழுங்காக இருந்தது. அதற்கு நம்பர் கொடுத்து ரிஜிஸ்டரில் ஏற்றினோம். பள்ளத்தில் நின்று வரைந்த படத்துக்கு நம்பர் இல்லை. அதைச் சுருட்டி என் இழுப்பறையில் வைத்தேன்.

இனி நான் சொல்லப்போவது படம் வரைகிற ஆட்களுக்கு மட்டும் சட்டென்று புரியும். ட்ரேசிங் துணி என்பது மெல்லிய, உயர்ந்த ரகத் துணி. கஞ்சி மாதிரி ஏதோ பூசிக் கண்ணாடித்தாள் போல் ஆக்கியிருப்பார்கள். வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் பூச்சும் மையும் போய்ப் பட்டு மாதிரித் துணி கிடைக்கும். நம்பர் இல்லாத, வேண்டாத படங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கைக்குட்டையும் குழந்தைச் சட்டையும் தைத்துக்கொள்வது எல்லா ஆபீசிலும் நடக்கிறதுதான். முதலாளிகளும் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்த வருஷம் என் மனைவி பிரசவத்துக்கு இருந்தாள். புதுசாகப் பிறக்கிற குழந்தைக்கு இதைவிட மெத்தென்ற துணி கடையில் கிடைக்காது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் இழுப்பறையிலிருந்த சுருள்களை அள்ளிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்காததற்கு ஒரு காரணமும் இல்லை. வீட்டுக்குப் போகிற அவசரம், அவ்வளவுதான்.

பெண் பிறந்தாள். ஒருநாள் கொடியில் அவளுடைய சட்டை காய்ந்துகொண்டிருந்தது. முதுகுப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கறை. கிட்டப்போய்ப் பார்த்தேன். கீழே அகன்று மேலே ஒடுங்கிய ஒரு கோடு. "எவ்வளவோ கசக்கிப் பாத்துட்டேன், அது மட்டும் போகலைன்னா. குழந்தைக்குத்தானே, போனாப் போறதுன்னு விட்டுட்டேன்" என்றாள். நான் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றே தி.நகருக்குப் போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்பது எவ்வளவு நீளமாக இருக்க முடியும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

எழுபதாம் வருஷக் கடைசியில் மயிலாப்பூரில் அந்தக் கூட்டம். கட்டட இன்ஜினீயர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவார்கள். அன்றைக்கு அவர் பேச்சு. கடையிலிருந்து புது வேட்டி, புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். எனக்குத் தெரிந்து அவர் வேலை விஷயமாகப் பேண்ட் போடாமல் போனது அன்றுதான். பாட்டில்களை மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசினார். மற்றவர்கள் கேட்டார்களோ இல்லையோ, பின்வரிசையில் உட்கார்ந்து நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். முடிந்ததும் தலைமை வகித்த பெரிய இன்ஜினீயர் எழுந்தார். அவர் கையில் எங்கள் ஆபீஸ் படத்தின் பிரதி இருந்தது. நம்பர் போட்டது.

"மிஸ்டர் கோமதிநாயகம், இது உங்க ஆபீஸ் கொடுத்த படம்தானே? இதுல மணல் மட்டமா, சாதுவாப் படுத்துண்டிருக்கே? நீங்க நிக்கறதுங்கறேள்?"

மண்டபம் சிரித்தது.

"அது கட்டடத்துக்காகப் போட்டது சார். பள்ளத்துலயே நின்னு வரைஞ்ச மூலப் படம் ஒண்ணு இருக்கு. வரைஞ்சவரு இங்கதான் உக்காந்திருக்காரு" என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. படம் இல்லை, ஆனால் நான் பார்த்தேன், மணல் நின்றுகொண்டுதான் இருந்தது என்று சொல்லியிருந்தால் போதும். அதற்குப் படம் எங்கே என்று கேட்பார்கள். என் பெண் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அந்த மண்டபத்தில் எப்படிச் சொல்வேன்? உட்கார்ந்தபடியே, "தேடிப் பாக்கணும் சார்" என்றேன். "துணிக்கடைக்காரர், இருபத்தஞ்சு கஜத்துக்குக் கதை விட்டுட்டார்" என்று யாரோ சொன்னார்கள். அதற்குக் கிடைத்த சிரிப்புத்தான் பெரிய சிரிப்பு. அவர் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்தார். லஸ் முனை வரை இரண்டு பேரும் நடந்தோம். பஸ் வந்தபோது, "கெடச்சா சொல்லும்வே" என்றார்.

அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறையாவது, கடுகடுப்பே இல்லாமல், டேப் எங்கே என்று கேட்பது போல என் பலகையருகே வந்து கேட்பார்: "கெடச்சுதா?" நான் இல்லை என்று தலையாட்டுவேன். இப்படி ஒரு வருஷம். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்காமல் இருந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. அந்த இடத்தில் கட்டடம் எழும்பிவிட்டது, நன்றாகவே நிற்கிறது. பக்கத்து மனைகளில் தோண்டும்போதெல்லாம் கேட்டுக்கொண்டு போய் நின்றார். ஆதம்பாக்கம் வரை, சதுப்பு இருந்த இடமெல்லாம் போனார். எங்கும் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டிய இடங்களில் குப்பையும் செங்கல் தூளும் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். நாளாக ஆக வேலையிலும் மாறிப்போனார். ஒரு பெட்டி மண்ணை மூன்று தடவை பார்ப்பார். "இது களிமண்ணுதானவே? நீரும் ஒரு தடவ பாரும்" என்பார். பல்லில் வைத்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

எழுபத்துநாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு பனகல் பார்க்குக்குப் போனேன். கடைக்கு மேலே அவருடைய அறை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி, சட்டையைக் கட்டிலில் வைத்தேன். அவர் அதை எடுத்து ஜன்னலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நடுக்கோடு முழுசாக இருந்தது. மற்ற இரண்டும் தையலில் வெட்டுப்பட்டிருந்தன. வெகுநேரம் பார்த்தார்.

"புள்ள எத்தன மாசம் போட்டுருந்தா?"

"எட்டு மாசம் இருக்கும்."

"வெயிலுக்கு நல்லா இருந்திருக்கும்" என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். குரல் தாழ்ந்துவிட்டது. "அன்னைக்கே சொல்லிருக்கலாம்லாவே. சிரிச்சிருப்பாங்க, போயிருப்பாங்க. எனக்கு அது பெருசில்ல. நீரு கூட எந்திரிக்கலியா... நாலு வருசமா எனக்கு என் கண்ணு மேலயே சந்தேகம். நான் பாத்தது நெசந்தானா, இல்ல ஆசப்பட்டதப் பாத்தேனான்னு ராவும் பகலும் இதே நெனப்பு. ஒரு வார்த்த சொல்லிருந்தீர்னா தூங்கிருப்பேம்லா."

நான் அழுதேன். அவர் அழவில்லை. சட்டையை மடித்து, "இத நான் வச்சுக்கிடுதேன்" என்றார். கீழே கடையிலிருந்து இரண்டு காபி வந்தது. குடித்தோம். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. மறுநாள் ஆபீசில் வழக்கம்போல "வே" என்றுதான் கூப்பிட்டார். மண்டபத்தில் அன்று இருந்தவர்களிடம் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "இப்ப எதுக்குவே? உம்மையும் சேத்துச் சிரிப்பாங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை நான் சௌகரியமாகப் பிடித்துக்கொண்டேன்.

அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். ஏழுமலை மேஸ்திரியும் வந்து கடை வாசலில் ஓரமாக நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் திட்டவே திட்டாத ஒரே சார்" என்றார். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, பெரியண்ணாச்சியின் மனைவி என்னை மாடி அறைக்குக் கூப்பிட்டார். கோமதிநாயகம் மதினி மதினி என்று உருகுவாரே, அந்த அம்மாள். அறை காலியாக இருந்தது. இறந்தவருடைய துணிமணியை வண்ணாருக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். கொடுத்தாகிவிட்டது. பாட்டில்கள் மட்டும் ஜன்னலில் இருந்தன. அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"டிரங்குப் பெட்டியில அடியில இருந்துச்சு சார். இத மட்டும் நான் வண்ணாருக்குக் குடுக்கல. பிரிச்சுப் பாக்கவும் மனசு வரல. பச்சப் புள்ள சட்ட." குரல் உடைந்தது. "கல்யாணமே வேண்டாம்னாவ. நாங்க எத்தனையோ எடம் பாத்தோம். நீங்க கூடவே இருந்தவங்க, உங்களுக்குத் தெரியாம இருக்காது. எங்கயாவது ஒரு புள்ள இருக்குன்னா சொல்லிருங்க சார். யாரு வயித்துல பொறந்ததுன்னு நாங்க கேக்க மாட்டோம். இங்க கூட்டியாந்து நாங்க வளக்கோம்."

 "இல்லை அம்மா. இது என் பெண்ணோட சட்டை" என்றேன். அது அங்கே வந்த கதையை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பூகம்பமும் படமும் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப யாருமே இல்லியா?" என்றார்.

சட்டையை என்னிடம் கொடுத்துவிட்டார். பாட்டில்களையும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். மடிப்புக்குள் ஒரு சீட்டுப் பின் குத்தியிருந்தது. அவருடைய கையெழுத்து. இடம், பள்ளத்தின் ஆழம், எந்தச் சுவர், சட்டையில் ஒரு விரல்கடை தரையில் எத்தனை அடி என்று எல்லாம் எழுதி, கடைசியில், "மூலப் படம். கிடைத்தது" என்று போட்டிருந்தார். நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்த நாளின் தேதி. அதற்கும் கீழே, வரைந்தவர் என்று எழுதி, என்னை ஒருநாளும் முழுப் பெயர் சொல்லி அழைக்காத அந்த மனிதர், இனிஷியலோடு என் முழுப் பெயரையும் எழுதியிருந்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்தச் சட்டை, இந்தச் சீட்டு, ஏழு பாட்டில் வேர். என்றைக்காவது யாராவது வேரின் வயதைப் பார்க்க முன்வந்தால் எல்லாம் என் வீட்டில் இருக்கிறது, வந்து பார்க்கலாம். அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் அன்று எழுந்திருக்கவில்லை. இப்போது எழுந்து நிற்கிறேன். மூன்றாம் குழிக்குப் பக்கத்தில் வெட்டிய பள்ளம், கிழக்குச் சுவர், கறுப்பு மண்ணைப் பிளந்துகொண்டு மூன்று கோடுகள், நடுவில் உள்ளது அடியில் உள்ளங்கை அகலம். நம்பர் போட்டு நான் உங்களுக்குக் கொடுத்த படம் தப்பு. மணல் நின்றுகொண்டுதான் இருந்தது. நான் பார்த்தேன்.